ஒரு சாணுக்குக் கீழே

பெரிய மாமாவுக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அதற்காகத்தான் அந்தப் புதன்கிழமை என்னை அம்மாவிடம் இரவல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மாமா பிரான்சுக்கு வந்துவிட்டார். ஆனாலும் அவருடைய பிரெஞ்சு ஓர் உணவகத்துக் குசினிக்குள் பிறந்து அங்கேயே வளர்ந்த பிரெஞ்சு. வெங்காயம், கத்தி, கழுவு, கெதியாய், முடிந்தது. இந்த ஐந்தாறு சொற்களை வைத்துக்கொண்டு குசினிக்குள் ஒரு குறையும் இல்லாமல் வாழ்ந்தார். கதவுக்கு வெளியே வந்தால்தான் அந்தப் பிரெஞ்சுக்குக் கால் நடுங்கத் தொடங்கும். வங்கியோ வைத்தியரோ எங்கே போவதென்றாலும் எனக்கு அழைப்பு வரும். ஒன்பது வயதில் நான்தான் எங்கள் குடும்பத்தின் மொழிபெயர்ப்புக் கந்தோர். அந்தப் பதவியால் எனக்குத் தலைக்கனமும் நிறைய இருந்தது. வளர்ந்தவர்கள் இரண்டு பேர் வாய் மூடி நின்று என் வாயைப் பார்ப்பது அந்த வயதில் சும்மா கிடைக்கிற மரியாதையா?

அப்போது நாங்கள் லா சப்பலில் நாலாம் மாடியில் இருந்தோம். கீழே மரக்கறிக் கடை. முதல் மாடி வரை கறிவேப்பிலை மணக்கும், அதற்கு மேலே என்ன மணக்கும் என்று சொல்லாமல் விடுகிறேன். மாமாவும் மாமியும் நகரத்துக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்தார்கள். மாமா அம்மாவின் மூத்த அண்ணன், அம்மா கடைக்குட்டி. பார்த்தால் தகப்பனும் மகளும் போலத் தெரிவார்கள். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். அதனால் நத்தார், பிறந்தநாள், தீபாவளி என்று எல்லாவற்றுக்கும் எனக்கு இரண்டு வீட்டுப் பரிசு வரும். அதில் நான் குறை காணவில்லை.

அந்த வசந்தத்தில் வீட்டில் எல்லோரும் தொலைபேசியில் ஒரே கதையைக் கதைத்தார்கள். ஊரில் இத்தனை காலமும் ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் ஆட்களின் காணிகளை விட்டுவிட்டார்கள். மாமா சின்ன வயசு மனிசனாக வெளிக்கிட்ட ஊர் அது. தலை நரைத்த பிறகு திரும்பக் கிடைத்திருக்கிறது. மாமாவிடம் இப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தது. முன்பு வைத்திருந்த அகதிப் புத்தகத்தோடு உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் போக முடியாது. இனிமேல் போகலாம். கோடை விடுமுறையில் போவது என்று முடிவாகிவிட்டது.

போகிற காரணத்தையும் எனக்குச் சொன்னார்கள். மாமாவின் வளவில் ஒரு பஞ்சாயுதம் கிடக்கிறது, இடம்பெயர்ந்தபோது மண்ணுக்குள் போனது, அதை எடுக்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னார்கள், எனக்கு இவ்வளவே போதுமாக இருந்தது.

பஞ்சாயுதம் என்னிடமும் ஒன்று இருந்தது. எங்களுடைய ஆட்கள் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், முப்பத்தொன்று கழிக்கிற அன்று அதைக் கழுத்தில் கட்டுவார்கள். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று ஐந்து ஆயுதங்களும் ஒரு விரல் நகம் அளவுப் பொன்னுக்குள் அடங்கியிருக்கும். காத்து கறுப்பு அண்டாது என்பார்கள். தலை நிற்காத ஒரு குழந்தை இத்தனை ஆயுதங்களோடு தொட்டிலில் கிடந்து பாலுக்கு அழும். என்னுடையது மாமாவும் மாமியும் லா சப்பல் நகைக்கடையில் சொல்லிச் செய்வித்தது. அம்மா அதை அலுமாரியில் பஞ்சுக்குள் வைத்திருந்தார்.

ஒரு விரல் நகம் அளவுப் பொன்னுக்காக ஒரு மனிதர் விமானம் ஏறிப் போவதா என்று நான் யோசிக்காமல் இல்லை. அம்மாவின் ஒரு காப்பில் பத்துப் பஞ்சாயுதம் செய்யலாம். ஆனால் மண்ணுக்குள் பொன் என்றதும் என் மூளை மற்றக் கணக்கையெல்லாம் மறந்துவிட்டது. பஞ்சாயுதத்தைச் சாட்டி வேறேதோ பெரிய பெட்டியொன்றை எடுக்கப் போகிறார்கள், எனக்கு மறைக்கிறார்கள் என்று தீர்மானித்தேன். மாமா மிசின் ஒன்று வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அந்தத் தீர்மானம் உறுதியாயிற்று. நிலத்துக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தால் உள்ளே கிடக்கிற உலோகத்துக்குக் கீச்சென்று கத்துகிற மிசின்.

அதை விற்றவர் ஒரு பிரெஞ்சுக்கார மதாம். கார் து நோரில் D ரயில் எடுத்துப் போனால் எயார்போட்டுக்குக் கிட்ட, வயல்களுக்கு நடுவில் அவருடைய ஊர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஓட்டமில்லாத நேரங்களில் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஆட்கள் விட்டுப்போன வீடுகளைச் சுற்றிப் பழைய காசு தேடுவார். தனக்குப் புது மிசின் வாங்கிவிட்டதால் பழையதை விற்றார். வீதியில் நிறுத்தி வைத்து விற்கிற ஆள் அல்ல. மிசினோடு மனிதர் பழக வேண்டும் என்று சொல்லி, தன் ஒன்றுவிட்ட தம்பிக்குச் சொந்தமான ஒரு பாழ்வளவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். வேறு எங்கேயும் கேட்காமல் கிண்டினால் பொலிஸ் வரும் என்று என்னிடம் கடுமையாகச் சொன்னார். நானும் அதே கடுமையோடு மாமாவுக்குச் சொன்னேன்.

அந்த வளவில் ஒரு காலத்தில் மூன்று வீடுகள் இருந்தனவாம். ஒன்றுக்குச் சுவர் மிச்சம், ஒன்றுக்குப் படி மிச்சம், மூன்றாவதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. எங்கள் தலைக்குமேல் விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்று வரும்போதும் மாமாவின் தோள் கொஞ்சம் உள்ளே போகும், போன பிறகு வெளியே வரும். ஏன் ஆட்கள் இந்த ஊரை விட்டுப் போனார்கள் என்று கேட்கச் சொன்னார். விமானச் சத்தம் தாங்காமல் போனார்கள் என்றார் மதாம்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாங்களும் பிளேன் சத்தத்துக்குத்தான் ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள் எண்டு சொல்லு."

சொன்னேன். மதாமும் சிரித்தார். அவர் ஊரில் விமானம் சத்தத்தை மட்டும்தான் போட்டது, எங்கள் ஊரில் குண்டும் போட்டது என்பது அப்போது எனக்கும் தெரியாது.

மதாம் ஒரு சொக்லேட் டப்பாவைத் திறந்து தான் கண்டெடுத்த காசுகளைக் காட்டினார். எங்கே தேட வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உடுப்புக் காயப்போட்ட கொடியின் கீழ் தேட வேண்டும், பொக்கற்றில் கிடந்தது அங்கே விழும். வாசற்படியின் ஓரம், ஆம்பிளைகள் இருந்து குடித்த மரநிழல், கிணற்றுக்குப் போகிற பாதை. இதையெல்லாம் நான் கை கால் ஆட்டி மாமாவுக்குச் சொன்னேன். மாமா கொடியையும் கவனிக்கவில்லை, மரநிழலையும் கவனிக்கவில்லை. ஒன்றுமே மிச்சமில்லாத அந்த மூன்றாவது வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதிலை வீடு இருந்தது எண்டு இவவுக்கு எப்பிடித் தெரியும்? கேள்."

மதாம் ஒரு பூஞ்செடிப் பற்றையைக் காட்டினார். அது காட்டில் தானாக வளர்கிற சாதி இல்லை, யாரோ ஒரு பெண் வாசலில் நட்டது, வீடு போனாலும் அது போகவில்லை என்றார்.

"மரஞ்செடியும் இல்லை எண்டால்?"

அப்படியென்றால் கிணற்றைத் தேட வேண்டும், கிணறு எங்கேயும் போகாது என்றார் மதாம்.

"கிணத்தையும் மூடி, புல்டோசர் விட்டு, மேலை தோட்டமும் செய்துபோட்டாங்கள் எண்டால்?"

இதைச் சொல்லி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. புல்டோசர் மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்தது. மதாம் என்னைப் பார்க்காமல் மாமாவையே பார்த்து, ஒரு வீட்டை யார் அப்படிச் செய்வார்கள் என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன்.

"தெரியாது எண்டு சொல்லு."

அன்றைக்கு மிசின் ஒரு காசைக் கண்டுபிடித்தது. தேய்ந்துபோன செப்புக்காசு, ஒரு பெண்ணின் தலை போட்டது. நூறு வருடத்துக்கு மேல் பழையது என்று மதாம் சொன்னதும் நான் அந்தப் பாழ்வளவையே ஆடிக் கலக்கிவிட்டேன். மாமா காசைப் பார்க்கக்கூட இல்லை. அதை என் கையில் போட்டுவிட்டு, அது கிடந்த குழிக்குள் கையை விரித்து வைத்து அளந்தார்.

"ஒரு சாண் கூட இல்லை" என்றார், தனக்குத்தான்.

பூப்போட்ட படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு மிசின் எங்கள் நாலாம் மாடிக்கு ஏறி வந்தது. மாமா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். மாமிக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. மாமி மிசினுக்குக் கொடுத்த காசுக்காகச் சண்டை பிடிப்பார் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். மாமியோ யாரோடும் சண்டை பிடிக்கிறவர் இல்லை. விடியமுன் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஸ்டாலின்கிராட் பக்கம் கந்தோர்கள் கூட்டித் துடைக்கப் போவார். வேலை முடிந்து சில நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவோடு குசினியில் இருந்து மரக்கறி வெட்டுவார். அவர் வந்து போகிற சத்தமே கேட்காது.

அடுத்த புதன்கிழமை, இரண்டாவது முறை போகிற அன்று காலை மாமா அம்மாவிடம் என் பஞ்சாயுதத்தைக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா மறுபேச்சில்லாமல் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"சங்கிலியைக் கழட்டு. அதுக்குச் சங்கிலி இல்லை. நூல்தான் கட்டினது" என்றார் மாமா.

"தெரியும் அண்ணை" என்றார் அம்மா. கழற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

ரயிலில் மாமா எனக்கு விளக்கம் சொன்னார். என்னுடையது ஊரில் கிடக்கிறதோடு ஒரே நிறை. செய்விக்கும்போதே அந்த நிறையைச் சொல்லித்தான் செய்வித்தாராம். இது மண்ணுக்குள் இருந்து மிசினுக்குக் கேட்டால் அதுவும் கேட்கும். நல்ல யோசனை என்று நான் பாராட்டினேன். என் நகை ஒரு பெரிய புதையலுக்கு வழிகாட்டப் போகிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

மதாமின் தம்பியின் வளவில், அந்த ஒன்றுமில்லாத வீட்டின் பின்பக்கம் மாமா மண்வெட்டியை எடுத்தார். முதலில் ஒரு சாண் ஆழம். பஞ்சாயுதத்தை வைத்து, மண்ணை மூடி, மிசினைப் பிடித்தார். கீச்சென்றது. நான் கை தட்டினேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாக வைத்தார். சத்தம் மெலிந்து போயிற்று. முழங்கை ஆழத்தில் வைத்தார். ஒன்றும் இல்லை.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

"உனக்குக் கேக்குதோ பார். உன்ரை காது சின்னக் காது."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்குக் கேட்டதெல்லாம் விமானம். இல்லை மாமா என்றேன். வடிவாய்க் கேள் என்றார். வடிவாய்க் கேட்டாலும் இல்லை என்றேன். மிசினின் திருகிகளை அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு என்ன நினைத்தாரோ, மண்வெட்டியை எடுத்து அந்தக் குழியை மேலும் கிண்டத் தொடங்கினார். முழங்கை ஆழத்துக்கே கேட்காத மிசினுக்கு அதைவிட ஆழத்தில் கேட்குமா? எனக்கே தெரிந்த கணக்கு அது. ஆனால் மாமா நிறுத்தவில்லை. சேட்டு முதுகோடு ஒட்டும்வரை கிண்டினார். நீளத்தில் என் கை அளவு ஒரு குழி, ஆழத்தில் அவர் இறங்கி நின்றபோது இடுப்பு மட்டம் வந்தது. அந்த மட்டம் வந்ததும்தான் நிறுத்தினார்.

நான் கல்லொன்றில் இருந்து பாணும் சீஸும் தின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் மாமா இவ்வளவு ஆழம்?"

"நாய் கிண்டாமல்."

பாண் தொண்டையில் அடைக்கிற அளவுக்குச் சிரித்தேன். நாய்க்கு நகை எதற்கு?

மாமா பொக்கற்றில் இருந்து ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்து, பஞ்சாயுதத்தை அதில் சுற்றி, குனிந்து அடியில் வைத்தார். மேலே ஏறி வந்து மண்ணை மூடினார். மண்வெட்டியால் தள்ளவில்லை. முழங்காலில் இருந்து, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி, கல் இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, மெதுவாகப் போட்டார். மண்வெட்டி பக்கத்திலேயே கிடந்தது. இப்படிச் செய்தால் பொழுதுபட்டுவிடும் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்து மதாம் கோப்பிப் போத்தலோடு வந்தார். வந்தவர் எட்டத்திலேயே நின்றுவிட்டார். மாமா கையால் மண் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாமா எழுந்து மிசினைப் பிடித்து, அந்த இடத்துக்கு மேலே போவதும் வருவதுமாக நடந்தார். தட்டை மண்ணோடு உரசினார். பிறகு அந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்பதுபோல காலை அகட்டி வைத்துக்கொண்டு பிடித்தார். மிசின் வாயே திறக்கவில்லை.

மதாம் என்னிடம், உன் மாமா எதைத் தொலைத்தார் என்று கேள் என்றார். இதற்கு மாமா எதற்கு, எனக்கே தெரியுமே! குழந்தைகளுக்குக் கட்டுகிற ஒரு நகை என்று நானே பதில் சொல்லிவிட்டேன். மதாம் என்னைப் பார்த்தார். என் கை நீளத்துக்கு மூடிக்கிடந்த மண்ணைப் பார்த்தார். அவருடைய முகத்தில் எதுவோ ஒன்று இறங்கிப் போவதைக் கண்டேன். தலையில் இருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். காற்று குளிராக வீசிக்கொண்டிருந்தது.

அத்தனை சின்னப் பொருள் அத்தனை ஆழத்தில் கிடந்தால் இந்த மிசினுக்கு மட்டுமல்ல, உலகத்தில் எந்த மிசினுக்கும் கேட்காது, மெதுவாகச் சொல்லு என்றார் மதாம்.

நான் மெதுவாகச் சொல்லவில்லை. "ஒரு மிசினுக்கும் கேக்காதாம், மாமா!" என்று இருந்த இடத்தில் இருந்தே கத்தினேன்.

மாமா மிசினைக் கீழே வைத்தார். மதாம் ஒரு கோப்பையில் கோப்பியை ஊற்றி, மண் ஒட்டிய அவருடைய கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அதைப் பிடிக்கச் செய்தார். அதில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னது நான் லிசேயில் கடைசி வருடம் படித்தபோது. வீடு மாறுவதற்காகக் கீழே நிலவறையை ஒதுக்கியபோது படுக்கை விரிப்பைச் சுற்றிய அந்த மிசின் அகப்பட்டது. பற்றரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. மாமா கடைசியில் அந்தப் புதையலை எடுத்தாரா என்று கேட்டேன். அம்மா ஒரு பெட்டிக்குமேல் இருந்துகொண்டு சொன்னார்.

மாமாவுக்கும் மாமிக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. முப்பத்தொன்று கழித்துப் பஞ்சாயுதம் கட்டினார்கள். அது கட்டிக் கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை பூட்டு. வானத்தில் பிளேன், சுற்றிவர ஷெல். ஊர் முழுக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அன்று பிள்ளை போய்விட்டது. எங்கள் ஆட்கள் குழந்தைகளை எரிப்பதில்லை, தாழ்ப்பார்கள். சவக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லை. மாமா பின் வளவில், மாட்டுக்கொட்டிலுக்கும் வேலிக்கும் இடையில் தன் இடுப்பளவுக்குக் கிண்டினார். சனம் போன பிறகு ஊரில் மிஞ்சப்போவது பசித்த நாய்கள்தான் என்று அவருக்குத் தெரியும். பொன்னைக் கழற்றுங்கோ, பொன்னோடு தாழ்க்கிறது வழக்கமில்லை என்று எல்லோரும் சொன்னார்களாம். மாமி விடவில்லை. மாமா அதற்காக மாமியை ஏசினாராம். ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு கொட்டிலும் இல்லை, வேலியும் இல்லை, வீடும் கிணறும் இல்லை. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி, நிரவி, உழுதுவிட்டார்கள். அன்று கழற்ற விடாத அந்த நகம் அளவுப் பொன் ஒன்றுதான் மாமாவுக்கு மிச்சமிருந்த அடையாளம். பிள்ளையின் எலும்பை எடுத்து, கீரிமலைக் கடலில் கரைத்துவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்குத்தான் மிசின். மாமிக்கு மறைத்தது, இல்லாத நம்பிக்கையை அவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று.

மாமா அந்தக் கோடையில் மிசின் இல்லாமல் ஊருக்குப் போனார். ஒழுங்கையில் நின்று வளவைப் பார்த்தாராம். உள்ளே காலை வைக்கவில்லை. எங்கே மிதித்தாலும் அது அந்த இடமாக இருக்கலாம் அல்லவா? விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு நாளும் போய் ஒழுங்கையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். சொந்தக் காணியை விட்டுவிட்டார்கள் என்று கொண்டாடிய மனிதருக்கு அதில் ஓர் அடி வைக்க இடமில்லை. இப்போது யாராவது அதற்குமேல் கக்கூஸ் கட்டினாலும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை என்று அம்மா சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. நிலவறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கணம் என் நினைவு போனது ஊருக்கும் இல்லை, மாமாவிடமும் இல்லை. அந்த இரண்டாவது புதன்கிழமை பின்னேரம் எங்கள் குசினிக்குப் போனது.

அன்று பின்னேரம் நானும் மாமாவும் ரயிலில் திரும்பினோம். கார் து நோரில் இறங்கி, சனத்துக்குள் நடந்து, கடைத் தெருவால் வந்தோம். முருங்கைக்காய் வந்திருக்கு அண்ணை என்று ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். மாமா திரும்பவில்லை. நாலாம் மாடி வாசலில் என்னையும் மிசினையும் விட்டுவிட்டு, உள்ளே வராமலே வேலைக்குப் போய்விட்டார். மிசினை நான்தான் அறைக்குள் இழுத்து வைத்தேன். திரும்பக் கிண்டி எடுத்த பஞ்சாயுதம் என் கையில் இருந்தது.

குசினியில் மாமி இருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் நடக்காததுபோல குழாயடிக்குப் போய்ப் பழைய பல் துலக்கும் பிரஷால் பஞ்சாயுதத்தைத் தேய்த்தேன். சங்குக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் மண் புகுந்திருந்தது. மாமி எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திறந்திருந்த அறைக் கதவைப் பார்த்தார். படுக்கை விரிப்புக்குக் கீழே மிசினின் வட்டத் தட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு ஆழத்துக்குக் கேக்குதாம் பிள்ளை?"

மாமிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, இனி ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஒரு சாண், மாமி. அதுக்குக் கீழை ஒண்டும் கேக்காது. மதாமும் சொன்னவ, ஒரு மிசினுக்கும் கேக்காதாம்."

மாமி தலையாட்டினார். எனக்கோ கதை சொல்கிற ஆசை வந்துவிட்டது. மாமா சேட்டு நனையக் கிண்டியதையும், இடுப்பளவு குழிக்குள் இறங்கி நின்றதையும், மண்வெட்டி பக்கத்தில் கிடக்கக் கையால் மண் போட்டதையும் நடித்துக் காட்டினேன். நாய் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அதுதான் நல்ல பகிடி.

"ஏன் இவ்வளவு ஆழம் எண்டு கேட்டன். நாய் கிண்டாமலாம்! நாய் பொன் தின்னுமே மாமி?"

சொல்லிவிட்டு நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இல்லைக் குஞ்சு. பொன் தின்னாது" என்றார் மாமி.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அம்மா அலுமாரிமேல் வைத்திருந்த சங்கிலியை எடுத்து வந்தார். பஞ்சாயுதத்தை அதில் கோத்தார். என்னைத் திருப்பி நிறுத்தி, பின்னால் நின்று கழுத்தில் போட்டார். குழந்தைக்குச் செய்த சங்கிலி, என் கழுத்துக்கு மட்டுமட்டாகத்தான் இருந்தது. அதைப் பூட்டுவதற்கு மாமி வெகுநேரம் எடுத்தார். வெங்காய மணம் வீசுகிற விரல்கள் என் பிடரியில் அசையாமல் நின்றன. கொக்கி பழுதாக இருக்க வேண்டும் என்று நினைத்து, அம்மா வந்ததும் அதைத் திருத்தக் கொடுக்கச் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.